புல் கதிர்விடும் நாள்: தீவனப் புற்களில் பூப்பின் மரபியல்

ஒரு தீவனப் புல் ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்று கேட்பவர்கள் அதிகம். அது எப்போது கதிர்விடும் என்று கேட்பவர்கள் குறைவு. மாட்டின் வயிற்றைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முதன்மையானது. கதிர் தலைகாட்டும்வரை புல் பெரும்பாலும் இலை. கதிரைத் தூக்கி நிறுத்தத் தண்டு நீளத் தொடங்கியதும் அதன் செல் சுவர்களில் லிக்னின் ஏறுகிறது. மரத்துக்கு உறுதி கொடுக்கும் அதே பொருள்தான் இது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் செல்லுலோஸைச் சிதைத்துவிடும். லிக்னின் படிந்த செல்லுலோஸிடம் அவற்றின் வேலை நடப்பதில்லை. வயலில் புல்லின் எடை கூடிக்கொண்டே போகும். அதில் மாட்டின் உடம்பில் சேரும் பங்கு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும்.

இதை எண்களில் நிறுவியவர்கள் இங்கிலாந்தின் ஹர்லியில் இயங்கிய புல்வெளி ஆய்வு நிறுவனத்தினர். மின்சன், ரேமண்ட், ஹாரிஸ் ஆகிய மூவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வில் எஸ்.24, எஸ்.23 என்னும் இரண்டு ரைபுல் ரகங்கள் இடம்பெற்றிருந்தன. வெவ்வேறு நாட்களில் புல்லை அறுத்துச் செம்மறி ஆடுகளுக்கு ஊட்டி, தின்றதையும் புழுக்கையாக வெளியேறியதையும் எடைபோட்டு, செரித்த அளவைக் கணக்கிட்டார்கள். இளவேனில் தொடக்கத்தில் உயரத்தில் நின்ற செரிமானத் திறன், கதிர் வெளிவந்த பிறகு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை விழுக்காடு வீதம் இறங்கியது. எஸ்.24 முந்திக் கதிர்விடும், எஸ்.23 பிந்தி விடும். ஒரே நாளில் இரண்டையும் அறுத்தால் பிந்திக் கதிர்விடும் ரகமே ஆட்டுக்கு நன்றாகச் செரித்தது. நாட்காட்டியைவிடக் கதிரே நம்பகமான அளவுகோல் என்பது அன்று உறுதிப்பட்டது.

அப்படியானால் பூக்காத புல்லை உருவாக்கிவிட்டால் போதாதா? போதாது. பூக்காத புல் விதை தராது. விதை இல்லாத ரகம் உழவரிடம் போய்ச் சேராது. மேய்ப்பவருக்கு இலை வேண்டும், விதை உற்பத்தியாளருக்குக் கதிர் வேண்டும். ஒரே செடியிடம் இந்த இரண்டையும் கேட்பதுதான் தீவனப்புல் இனவிருத்தியின் அடிப்படைச் சிக்கல். பூப்பை ஆளும் மரபணுக்களைப் பற்றி நூறாண்டுகளாகச் சேர்ந்துவந்த அறிவு இந்தச் சிக்கலுக்கு வழி காட்டத் தொடங்கியிருக்கிறது. அந்த வழி எல்லா ஊருக்கும் ஒரே வழியாக இருக்க முடியாது என்பதையும் அதே அறிவு சொல்கிறது.

தூருக்குள் நடப்பது

குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களின் முதன்மைப் புல்லான பல்லாண்டு ரைபுல்லின் ஒரு தூரை வேரோடு பிடுங்கி, இலையுறைகளை வெளியிலிருந்து ஒன்றொன்றாக உரித்தால், தரைமட்டத்தை ஒட்டிய அடிப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெளிறிய குருத்து முனை இருக்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் வழவழப்பான சிறு மேடும் அதன் பக்கங்களில் மாறி மாறி எழும் வரப்புகளும் தெரியும். ஒவ்வொரு வரப்பும் ஓர் இலையாகப் போவது. செடி பூப்புக்கு மாறியதும் அந்த மேடு நீள்கிறது. ஒற்றை வரப்புகள் இருந்த இடத்தில் இரட்டை வரப்புகள் தோன்றுகின்றன. கீழ் வரப்பு இலையாகாமல் நின்றுவிட, மேல் வரப்பு சிறுகதிராக வளர்கிறது. வெளியே நிற்பவர் கண்ணுக்கு அப்போது எதுவும் தெரியாது. கதிர் தலைகாட்டப் பல வாரம் ஆகும். தூரின் தலையெழுத்து இரட்டை வரப்பு தோன்றும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த முனை இனி இலை போடாது. கதிர் முற்றியதும் அந்தத் தூர் காய்ந்துவிடும்.

அப்படியும் பல்லாண்டுப் புல் சாவதில்லை. பூக்காமல் தங்கிய தூர்கள் அடியில் இருந்துகொண்டே இருக்கின்றன. எல்லாத் தூர்களும் ஒரே நேரத்தில் பூப்புக்கு மாறினால் அது ஓராண்டுப் பயிராகிவிடும். சில தூர்களைப் பூக்கவிட்டுச் சிலவற்றை இலையாகவே நிறுத்திவைக்கும் கட்டுப்பாடுதான் பல்லாண்டு வாழ்வின் அடித்தளம். இலை மேலாதிக்கம் செலுத்தும் மேய்ச்சலை விரும்பும் நமக்கும் வேண்டியது அந்தக் கட்டுப்பாடுதான்.

குளிரும் பகலும்

குளிர்காலத் தானியங்கள் கதிர்விட முதலில் குளிர் தேவை என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் குஸ்டாவ் கஸ்னர் 1918இல் ரை தானியத்தில் செய்த சோதனைகளால் காட்டினார். இதைத்தான் நம் பாடநூல்கள் தட்பப்பதனம் என்கின்றன. இரண்டாண்டுகள் கழித்து, 1920இல், அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் ஒரு புகையிலை ரகத்தையும் சோயாமொச்சையையும் கொண்டு, பகலின் நீளமே பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கிறது என்று நிறுவினார்கள்.

குளிர்நாட்டுப் பல்லாண்டுப் புற்களுக்கு இந்த இரண்டும் வரிசை தவறாமல் வேண்டும். நார்வேயின் ஓலா ஹைடே 1994இல் எழுதிய விரிவான தொகுப்பாய்வு இதை இரட்டைத் தூண்டல் என்று விளக்குகிறது. முதலில் குளிரோ குட்டைப் பகலோ, பல புற்களில் இரண்டும் சேர்ந்தோ, செடியைப் பூக்கத் தகுதியாக்க வேண்டும். அடுத்து நீண்ட பகலும் மிதவெப்பமும் வந்து கதிரை வளர்த்தெடுக்க வேண்டும். இரண்டு சாவிகளும் போட்டால்தான் திறக்கும் வங்கிப் பெட்டகம் போன்றது இது. இலையுதிர் காலத்தில் நடுவில் வந்துபோகும் வெதுவெதுப்பான ஒரு வாரத்தை நம்பிப் புல் கதிர்விட்டால் அடுத்து வரும் பனி அதைக் கொன்றுவிடும். முழுக் குளிர்காலம் கடந்ததா என்று பார்த்து, பகல் நீள்கிறதா என்றும் பார்த்த பிறகே அது துணிகிறது. வசந்தத்தில் புதிதாகக் கிளைத்த தூர்கள் குளிரைக் காணாதவை. ஆகவே அவை அந்த ஆண்டு பெரும்பாலும் பூப்பதில்லை. தூர்களுக்கிடையே நடக்கும் பங்கீட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே ஒரு நீண்ட பகல்

பகலின் நீளத்தை உணர்வது இலை. கதிராக மாறுவது அடியிலுள்ள குருத்து முனை. இரண்டுக்கும் இடையே ஏதோ ஒன்று பயணம் செய்தாக வேண்டும். அப்படி ஒரு மலரூக்கி இருக்கிறது என்று ரஷ்ய அறிஞர் மிகைல் சைலாக்யான் 1930களில் முன்வைத்து, அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயரிட்டார். பல பத்தாண்டுகள் தேடியும் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க யாராலும் முடியவில்லை.

இந்தத் தேடலில் ஒரு புல் பெரும்பங்கு வகித்தது. ரைபுல்லின் உறவான, கோதுமை வயல்களில் களையாக வளரும் லோலியம் டெமுலென்டம்தான் அது. அதன் சீரிஸ் என்ற வகை குட்டைப் பகலில் இலை போட்டுக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு நாள் நீண்ட பகலைக் காட்டினால் பூப்புக்கு மாறிவிடும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் லாயிட் எவன்ஸ் இந்த ஒற்றை நாளைத் தம் கருவியாக்கிக்கொண்டார். நீண்ட பகலைக் கண்ட இலையைக் குறிப்பிட்ட மணி நேரம் கழித்து வெட்டி எடுப்பார். சீக்கிரம் வெட்டினால் செடி பூக்காது. தாமதித்து வெட்டினால் பூக்கும். செய்தி இலையை விட்டு எப்போது கிளம்புகிறது என்பதை இப்படியே கணிக்க முடிந்தது. எவன்ஸும் வார்ட்லாவும் 1966இல் வெளியிட்ட அளவீடுகளின்படி அது மணிக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. அதே இலையிலிருந்து சர்க்கரை இறங்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிக மிகக் குறைவு. பிற்காலத்தில் எவன்ஸும் ராட் கிங்கும் இந்தப் புல்லில் ஜிப்ரலின் வகை வளர்ச்சி ஊக்கிகளும் பூப்புச் செய்தியைக் கொண்டுசெல்வதைக் காட்டினார்கள்.

மூலக்கூறு வழியில் விடை வரத் தொடங்கியது 1999இல். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் எஃப்டி எனப்படும் மரபணு அந்த ஆண்டு பிரித்தறியப்பட்டது. எஃப்டி புரதம் இலையில் உருவாகி, உணவு கடத்தும் திசு வழியாக முனைக்குச் சென்று பூப்பைத் தொடங்குகிறது என்பதை 2007இல் அரபிடாப்சிஸிலும் நெல்லிலும் தனித்தனிக் குழுக்கள் காட்டின. சைலாக்யான் ஊகித்த பொருளுக்கு எழுபது ஆண்டுகள் கழித்து உருவம் கிடைத்தது.

நான்காம் குரோமோசோமும் ஏழாம் குரோமோசோமும்

குளிர் எப்படிப் பதிவாகிறது என்பதைக் கோதுமைதான் முதலில் சொன்னது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கியின் குழு மூன்று மரபணுக்களை அடுத்தடுத்துப் பிரித்தெடுத்தது: 2003இல் விஆர்என்1, 2004இல் விஆர்என்2, 2006இல் விஆர்என்3. மூன்றாவது மரபணு கோதுமையின் எஃப்டியே என்று தெரியவந்தபோது குளிரின் கதையும் பகலின் கதையும் ஒன்றாக இணைந்தன.

மூன்றும் இயங்கும் முறை இது. குளிருக்கு முன் விஆர்என்2 செயல்பட்டு, இலையில் எஃப்டி உருவாகாமல் தடுத்துவைக்கிறது. வாரக்கணக்கில் குளிர் நீடிக்கும்போது விஆர்என்1 மெல்ல மெல்லக் கூடுகிறது. அது விஆர்என்2வை அடக்குகிறது. தடை விலகியபின் நீண்ட பகல் வந்ததும் எஃப்டி பெருகுகிறது. எஃப்டி முனைக்குப் போய் விஆர்என்1ஐ இன்னும் தூண்டுகிறது. ஒன்றையொன்று ஏற்றிவிடும் இந்தச் சுழலிலிருந்து செடி பின்வாங்குவதில்லை. விஆர்என்1 மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு துண்டு விடுபட்டுப்போன கோதுமைக்குக் குளிரே தேவையில்லை. வசந்தகாலக் கோதுமை ரகங்கள் பலவும் அப்படி வந்தவையே.

இதே ஏற்பாடு ரைபுல்லிலும் இருக்கிறதா என்று டென்மார்க் ஆய்வாளர்கள் தேடினார்கள். குளிரை அதிகம் கேட்காத வெயோ என்ற தெற்கத்திய ரகத்தையும், கடுங்குளிர் கண்டாலன்றிக் கதிர்விடாத, டென்மார்க்கின் ஃபால்ஸ்டர் தீவைச் சேர்ந்த நாட்டுவகையையும் ஒட்டுச் சேர்த்தார்கள். அடுத்த தலைமுறையின் செடிகள் குளிர்த் தேவையில் பலவாறாகப் பிரிந்து நின்றன. அந்த வேறுபாட்டை மரபணு வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் நான்காம் குரோமோசோமில் ஒரு வலுவான இடம் தென்பட்டது. கோதுமையின் விஆர்என்1க்கு இணையான மரபணு ரைபுல்லில் இருப்பதும் அங்கேதான்.

குளிர்த் தேவை நிறைவேறிய பிறகு எந்த நாளில் கதிர் வரும் என்பதைத் தீர்மானிப்பதில் ஏழாம் குரோமோசோமுக்குப் பெரிய பங்கு. வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் நடந்த ஆய்வுகள் அந்த இடம் நெல்லின் ஆறாம் குரோமோசோமோடு வரிசை மாறாமல் பொருந்துவதைக் கண்டன. நெல்லின் பூக்கும் நாளை நிர்ணயிக்கும் எச்டி1, எச்டி3ஏ மரபணுக்கள் உட்கார்ந்திருக்கும் பகுதி அது. எச்டி3ஏதான் நெல்லின் எஃப்டி. லீஃப் ஸ்கோட் குழு 2011இல் பல இயற்கை ரைபுல் கூட்டங்களை ஒப்பிட்டு, எஃப்டி மரபணுவிலுள்ள சிறு மாற்றங்கள் கதிர்விடும் நாளோடு சேர்ந்தே மாறுவதைக் காட்டியது. நெல்லும் ரைபுல்லும் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆனபின்பும் பூப்பின் கட்டளைத் தொடர் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் செலவிட்ட ஆய்வுப் பணத்தின் பலன், கவனிப்பு குறைந்த தீவனப் புல்லுக்கும் வந்து சேர்வது இந்த உறவினால்தான்.

ரகம் என்பது ஒரு கூட்டம்

மரபணு தெரிந்தால் மறுநாளே ரகம் வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. ரைபுல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. எஸ், இசட் என்ற இரண்டு மரபணு இடங்கள் இந்த மறுப்பை நடத்துகின்றன. மகரந்தத்தின் இரண்டு அடையாளங்களும் சூலகத்தின் அடையாளங்களோடு ஒத்துப்போனால் அந்த மகரந்தம் தடுக்கப்படுகிறது. ஆகவே நெல்லைப் போல ஒரே அச்சிலான தூய வழி இங்கே எளிதில் அமைவதில்லை. ஒவ்வொரு ரகமும் ஒன்றுக்கொன்று வேறான செடிகளின் கூட்டம். அதன் கதிர்விடும் நாள் என்று சொல்லப்படுவது அந்தக் கூட்டத்தின் சராசரி. புதிய ரகத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தாய்ச்செடிகள் எல்லாம் ஒரே காலத்தில் பூத்தால்தான் அவை ஒன்றோடொன்று கலக்கும் என்பது இன்னொரு கட்டாயம்.

இருந்தும் இந்தப் பண்பு தேர்வுக்கு நன்றாக வளைந்து கொடுக்கிறது. பெற்றோரின் கதிர்விடும் நாள் பிள்ளைகளில் பெருமளவு அப்படியே வரும். 1919இல் ஸ்டேபில்டன் தலைமையில் அபரிஸ்ட்வித்தில் தொடங்கிய வேல்ஸ் பயிர் இனவிருத்தி நிலையம், மரபணு எதுவும் தெரியாத காலத்திலேயே, முந்தும் எஸ்.24ஐயும் பிந்தும் எஸ்.23ஐயும் பிரித்து எடுத்தது இதனால்தான். இன்றும் பிரிட்டனில் உழவர்களுக்கான பரிந்துரைப் பட்டியல்கள் ரைபுல் ரகங்களை முந்தியது, இடைப்பட்டது, பிந்தியது என்று கதிர்விடும் காலத்தை வைத்தே அடுக்குகின்றன. 2015இல் ரைபுல்லின் மரபுத்தொகுதி வரைவு வெளியான பிறகு, நாற்றுப் பருவத்திலேயே மரபணுக் குறிகளைப் பார்த்துத் தேர்வு செய்யும் முறையும் சேர்ந்துகொண்டது.

பூப்பை நிறுத்தினால்

எஃப்டியின் எதிர்த்தரப்பும் ஒன்று உண்டு. டிஎஃப்எல்1 என்ற மரபணு முனையைக் கதிராக விடாமல் இழுத்துப்பிடிக்கிறது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தினர் ரைபுல்லின் டிஎஃப்எல்1ஐ 2001இல் விவரித்தார்கள். பிறகு அதைச் செம்ஃபெஸ்க்யூ புல்லில் செலுத்தி, எப்போதும் இயங்கும்படி செய்தபோது, நீண்ட குளிரூட்டலுக்குப் பிறகும் அது கதிர்விடவில்லை. பூக்காத புல் சாத்தியம் என்று அன்றே நிரூபணமானது.

அதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. ரைபுல் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தரும். மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று வீசிய இடிமழைப் புயலில் ரைபுல் மகரந்தத் துகள்கள் வெடித்துச் சிதறி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; பத்துப் பேர் இறந்தார்கள். கதிர் கட்டுக்குள் இருந்தால் மாட்டுக்கும் மனிதருக்கும் நல்லது.

அப்படி இருந்தும் அந்தப் புல் சந்தைக்கு வரும் வழி எளிதல்ல. பூக்காத புல்லின் விதையை யார் எடுப்பது? தேவைப்படும்போது மட்டும் பூக்க வைக்கும் விசை ஒன்றையும் அதோடு சேர்த்து அமைக்க வேண்டும். மரபணு மாற்றத்துக்கான அனுமதியையும் பெற வேண்டும்.

இதைவிட நேரான விடை சோளத்தில் கிடைத்தது. டெக்சாஸில் குயின்பியும் கார்ப்பரும் 1945இல் சோளத்தின் முதிர்ச்சியை ஆளும் மூன்று மரபணுக்களை இனங்கண்டு எம்ஏ1, எம்ஏ2, எம்ஏ3 என்று பெயரிட்டார்கள். அவற்றில் எம்ஏ1, நீண்ட பகலில் எஃப்டியை அடக்கும் மரபணு என்று 2011இல் தெரியவந்தது. ரூனியும் ஐடினும் 1999இல் எம்ஏ5, எம்ஏ6 என்ற மேலும் இரண்டைக் கண்டார்கள். இந்த இரண்டின் ஓங்கு வடிவங்களும் ஒரே செடியில் சேர்ந்தால் பகல் 12 மணி 20 நிமிடத்துக்குக் கீழே குறையும்வரை அது பூப்புக்கு மாறாது. இதன் பயனைப் பாருங்கள். ஒரு பெற்றோரிடம் எம்ஏ5, மற்றொரு பெற்றோரிடம் எம்ஏ6. தனித்தனியே இரண்டும் காலத்தில் பூத்து விதை தரும். இரண்டையும் சேர்த்த ஒட்டு விதையை உழவர் விதைத்தால் கோடை முழுக்க இலை மட்டும் போடும். விதை வயலில் கதிர், தீவன வயலில் இலை. மேய்ப்பவர், விதை உற்பத்தியாளர் இருவருடைய கோரிக்கையும் ஒருசேர நிறைவேறுகிறது.

நம் ஊர்ப் பகலில்

தமிழ்நாட்டில் பெரிதும் பயிராகும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இதே சிக்கலை வேறு வழியில் கடந்தது. கம்புக்கு 14 குரோமோசோம்கள், நேப்பியருக்கு 28. இரண்டின் பிள்ளைக்கு 21. ஒற்றைப்படையான இந்தத் தொகுதி சரிவரச் சோடி சேராது. கதிர் வந்தாலும் விதை பிடிக்காது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ-4 ரகமும் இவ்வகையே. நட்ட 75, 80 நாட்களில் முதல் அறுப்பு, பிறகு 45 நாட்களுக்கு ஒருமுறை மறுதாம்பு. இந்த இடைவெளியில் அறுத்தால் தண்டு மரத்துப்போகும் முன் தழை கையில் கிடைத்துவிடும். விதைக்குப் பதில் தண்டுக் கரணையை நட வேண்டும். 60 செ.மீ.க்கு 50 செ.மீ. இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 33,000க்கு மேல் கரணைகள் வேண்டியிருக்கும். விதை மூட்டையில் போயிருக்க வேண்டிய ரகம் லாரியில் போகிறது.

சோளத்தில் கணக்கு தலைகீழ். இளஞ்சோளத்தில் துரின் என்ற பொருள் இருக்கிறது. மாடு மெல்லும்போது அது ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும். 1902இல் டன்ஸ்டனும் ஹென்றியும் இதைக் கண்டுபிடித்தார்கள். பயிர் முதிர முதிர இந்த நஞ்சு குறைகிறது. ஆகவே தீவனச் சோளத்தைப் பாதிக்குமேல் பூத்த பிறகு அறுக்கச் சொல்கிறார்கள். புல்லில் முந்தி அறுப்பது நல்லது; சோளத்தில் பொறுத்து அறுப்பது பாதுகாப்பு. இரண்டுக்கும் அடையாளம் பூப்புதான்.

டெக்சாஸ் வழியை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட முடியாது. அபரிஸ்ட்வித்தில் கோடையின் நீண்ட பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். 11 பாகை வடக்கிலுள்ள கோயம்புத்தூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 12 மணி 20 நிமிடத்துக்கு மேல் பகல் நீடிப்பது ஏறக்குறைய சித்திரை முதல் ஆவணி வரைதான். டெக்சாஸில் நீண்ட காலம் இலையாக நிற்கும் ஒட்டுச் சோளம் இங்கே ஐப்பசியில் விதைத்தால் விரைந்து கதிர்விடும். குளிர் கேட்கும் ரைபுல்லுக்கு நம் சமவெளியில் வேலையே இல்லை. மரபணு உலகத்துக்குப் பொது. அது படிக்கும் பகல் ஊருக்கு ஊர் வேறு.

ஆகவே நம் தீவனப் பயிர்களுக்கான பூப்பு ஆய்வு நம் அட்சரேகையிலேயே நடந்தாக வேண்டும். புதிய ரகம் வெளியிடும்போது பசுந்தீவன விளைச்சலை முதல் வரியில் போடும் வழக்கம் இருக்கிறது. எந்தப் பட்டத்தில் விதைத்தால் எத்தனை நாளில் கதிர்விடும், அந்த நாளில் அதன் செரிமானத் திறன் எவ்வளவு என்ற இரண்டு விவரங்களும் அதே வரியில் இடம்பெற வேண்டும். பால்மாடு வைத்திருப்போர் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். பொதுத்துறை ஆய்வு நிலையங்கள் அவற்றைத் தர வேண்டும்.